பந்தியா, பந்தயமா?

(உத்திரமேரூரில் பொங்கல் விழா மேடையில் ஆற்றிய உரை, ஏட்டுக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)

அரசியல் மேடையிலே இட்லிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், தவறில்லை. விலைவாசி பற்றிப் பேசுவான், ஏரி மராமத்துப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்த தோழர்கள் சிலர், இட்லி என்று நான் தொடங்கியதுமே சிரித்துவிட்டார்கள். சிரிப்பு எனக்குப் பிடித்தமான ஒன்றுதான். நாடகம் எழுதிப் பிழைப்பவன் சிரிப்பை வெறுத்தால் பட்டினிதான்! ஆனால், ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு இதனைப் படிக்கும் நண்பரே, நான் சொல்லப்போவது சிரிப்புக் கதையன்று. சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவிலே ஒரு மனிதன் மூச்சடைத்துச் சாய்ந்த கதை.

2024-ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள் 14-ஆம் நாள். திருவோணத்துக்கு முந்திய நாள். பாலக்காடு மாவட்டத்துக் கஞ்சிக்கோடு. கோவையிலிருந்து வாளையாற்றைத் தாண்டினால் கூப்பிடு தூரம். ஓண விழாவையொட்டி அவ்வூர் மன்றத்தினர் போட்டி ஒன்று வைத்தனர். இட்லி உண்ணும் போட்டி. சாம்பார் கிடையாது, சட்டினி கிடையாது, வெறும் இட்லி. அதிகம் உண்டவர் வென்றவர். 49 வயது நிறைந்த ஒருவர், உழைத்துப் பிழைப்பவர், பந்தியிலே அமர்ந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக வாயிலிட்டார். தொண்டை அடைத்தது. அருகிருந்தோர் ஓடிவந்து, அடைத்ததை வெளியிலே எடுத்து, மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர். உயிர் நிற்கவில்லை. காவல் நிலையத்திலே, இயற்கைக்கு மாறான சாவு என்று பதிவு செய்தனர்.

இயற்கைக்கு மாறான சாவு! எவ்வளவு அடக்கமான சொற்றொடர்! பாம்பு கடித்தாலும் அதுதான், கிணற்றில் விழுந்தாலும் அதுதான், பரிசு காட்டி அழைத்து, நேரம் குறித்து, கைதட்டி ஊக்கி விழுங்க வைத்தாலும் அதுதான். பதிவேட்டிலே ஒரே கட்டத்தில் மூன்றும் அடங்கிவிடுகின்றன.

யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். “அழைத்தோம், வற்புறுத்தவில்லை” என்பார் விழாக் குழுத் தலைவர். “மாவு புளிக்கவில்லை, இட்லி கெடவில்லை” என்பார் சமைத்தவர். “பரிசுப் பணம் தந்தேன், அது அறம்தானே?” என்பார் வள்ளல். “கை தட்டினோம், அவர் மேல் கை வைக்கவில்லை” என்பார்கள் சூழ நின்றவர்கள். எல்லோரும் சேர்ந்து இறுதியில் ஒரே குரலில், “அவராகத்தானே உண்டார்!” என்பார்கள். மறுத்துப் பேச வேண்டியவர் ஒருவர்தான். அவர் பேச இயலாத இடத்துக்குப் போய்விட்டார்.

கேரளத்துக் கதை கேரளத்தோடு போகட்டும் என்று சொல்லிவிட முடியாது. பொங்கலென்றால் போட்டி, சுதந்திர நாளென்றால் போட்டி, தலைவர் பிறந்த நாளென்றால் போட்டி என்று நம் சிற்றூர்களிலே நடத்துகிறோமே, எத்தனை மேடைகளில் இந்த உண்ணும் போட்டியும் இடம் பெறுகிறது! வாழைப்பழம், பரோட்டா, முட்டை, புரியாணி என்று பண்டம்தான் மாறுகிறது. அழைப்பிதழை அச்சிடுபவர் யார்? நம் தோழர். பந்தலைப் போடுபவர் யார்? நம் தோழர். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, “இதோ பத்தாவது! இதோ பதினொன்றாவது!” என்று முழங்குபவரும் நம் தோழரே. ஆகவே நாளை நீதிமன்றத்திலே பெயர் சொல்லி அழைக்கப்படுபவரும் அவராகத்தான் இருப்பார். அதனால்தான் அரசியல் மேடையிலே இட்லி!

நம் மாவட்டத்தாருக்கு இட்லியைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. மிளகும் சீரகமும் சுக்கும் மணக்க, மூங்கில் குடலையிலே இலை பரப்பி, மாவை ஊற்றி ஆவியிலே வேகவைத்து எடுக்கும் காஞ்சிபுரத்துக் குடலை இட்லியை அறியாதவர் யார்? அதைத் துண்டு போட்டுத்தான் பரிமாறுவார்கள். மென்று, சுவைத்து, மெல்ல விழுங்கும் பண்டம். நீர்ப்பதமின்றி வெறும் இட்லியை இரண்டு மூன்றாக அமுக்கித் திணித்தால், உமிழ்நீரோடு குழைந்து களிமண் உருண்டையாகிவிடும். உணவுக் குழலும் மூச்சுக் குழலும் தொண்டையிலே அண்டை வீட்டுக்காரர்கள். விழுங்கும் நொடியிலே மூச்சுக் குழலின் வாயை மூடிக்கொள்ளச் சிறு மூடி ஒன்றை இயற்கை வைத்திருக்கிறது. மெல்லாமல், மூச்சு விடாமல், சிரிப்புக்கும் ஆரவாரத்துக்கும் நடுவே அள்ளித் திணிக்கும்போது, அந்த மூடியின் காவல் தவறுகிறது. காற்று அடைபட்டால் நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்குகிறது. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் சிலவற்றுக்கு 108 ஊர்தி விரைந்து வந்தாலும் நான்கைந்து நிமிடங்களில் வந்துவிடுமா என்பதை, அந்தச் சாலைகளிலே நடந்தவர்கள் அறிவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொண்டை முழுவதும் அடைபட்டவனால் கத்த முடியாது. குரல் காற்றினால் ஆனது. காற்று இல்லையேல் குரல் இல்லை. கழுத்தைப் பிடித்துக்கொள்வான், கண் பிதுங்கும், கையை ஆட்டுவான். நாடக மேடை எனக்குக் கற்றுக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு: ஒரு முறை சிரிக்கத் தொடங்கிவிட்ட கூட்டம், அடுத்து மேடையில் நடப்பது எதுவாயினும் அதையும் சிரிப்பாகவே எடுத்துக்கொள்ளும். நடிகன் உண்மையாகவே தடுக்கி விழுந்தாலும் கைதட்டல்தான். மாயா பஜார் படத்திலே, கடோத்கசனாக வந்த எஸ்.வி.ரங்காராவ் கல்யாண விருந்தைக் காலி செய்ததைப் பார்த்து 1957 முதல் இன்று வரை சிரித்து மகிழ்கிறோம். அது படப்பிடிப்பு, அங்கே ‘நிறுத்து’ என்று சொல்ல ஓர் இயக்குநர் இருந்தார். நம் போட்டிப் பந்தலிலே ‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமை யாருக்கு? யாருக்குமில்லை! ‘இன்னும், இன்னும்!’ என்று சொல்லும் உரிமை மட்டும் எல்லோருக்கும்!

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நான் சட்டக் கல்லூரி வாசற்படியை மிதித்தவனல்லன். வேறு கல்லூரியின் படியையும் பாதியிலேயே இறங்கி வந்துவிட்டவன். ஆனாலும், சட்டம் என்பது காதிலே விழக்கூடாத மறை அன்று. அதை நாமும் படிக்கலாம், படித்துக் கேட்கலாம்.

இந்நாட்டில் உண்ணும் போட்டிக்கென்று தனிச் சட்டம் இல்லை. பொதுச் சட்டம் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா அமர்ந்திருக்கிறது. பெயரைப் பற்றி நமக்கிருக்கும் மனத்தாங்கல் வேறு; அதை இன்னொரு நாள் பேசுவோம். அதன் 25-ஆவது பிரிவு, பழைய 87-ஆவது பிரிவேதான். 18 வயது நிறைந்த ஒருவர் தாமே இசைந்து ஏற்றுக்கொண்ட தீங்கு, உயிர் போக்கவோ கொடுங்காயம் விளைவிக்கவோ கருதாமலும், அப்படி நேரக்கூடும் என்று அறியாமலும் செய்ததனால் நேர்ந்ததாயின், அது குற்றமாகாது என்கிறது. சட்டமே எடுத்துக்காட்டும் தருகிறது: இருவர் பொழுதுபோக்காக வாள் விளையாட இசைகிறார்கள், முறை தவறாமல் ஆடும்போது ஒருவருக்குக் காயம், அது குற்றமன்று.

“பார்த்தீர்களா! இசைந்துதானே உட்கார்ந்தார்!” என்று விழாக் குழுத் தலைவர் எழுந்து நிற்பார். அமருங்கள், ஐயா, அமருங்கள். அந்த எடுத்துக்காட்டிலே ‘முறை தவறாமல்’ என்ற ஒரு சொல் இருக்கிறது. ‘அறியாமல்’ என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. கஞ்சிக்கோட்டுச் செய்தி நாடெங்கும் பரவிய பிறகு, தண்ணீரும் வைக்காமல், உதவிக்கு ஆளும் நிறுத்தாமல் போட்டி நடத்தும் ஒருவர், இப்படி நேரும் என்று எனக்குத் தெரியாது என எந்த முகத்தோடு சொல்வார்? முதலில் நடத்தியவருக்கு இருந்த சாக்கு, அடுத்து நடத்துபவருக்கு இல்லை.

18 வயது நிறையாதவர் என்றால் அந்தப் பிரிவின் பாதுகாப்பே கிடையாது. பள்ளி விழாவிலே, சிறுவர்களை வரிசையாக நிறுத்தி, கயிற்றிலே பண்டத்தைக் கட்டித் தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கவ்வச் சொல்கிறோமே, பன் என்றும் முறுக்கு என்றும்! அங்கே பிள்ளையின் இசைவு சட்டத்தின் கண்ணிலே இந்தப் பிரிவுக்கு உதவாது. நேர்வதற்கெல்லாம் நடத்தியவர் கவனமே கணக்கில் வரும்.

அடுத்து 106-ஆவது பிரிவு. முரட்டுத் துணிச்சலாலோ கவனக்குறைவாலோ ஒருவருக்குச் சாவை விளைவித்தால், ஐந்தாண்டு வரை சிறை. பழைய 304-ஏ பிரிவிலே இது இரண்டாண்டாக இருந்தது. ஆனால் இந்தப் பிரிவின் கீழ்த் தண்டிக்க, கவனக்குறைவு இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அந்தக் கவனக்குறைவே சாவுக்கு நேரடிக் காரணம் என்று காட்ட வேண்டும். அறுபதுகளிலே உச்ச நீதிமன்றத்தில் வந்த குர்பான் உசேன் வழக்கை வழக்கறிஞர்கள் எடுத்துக் காட்டுவார்கள். பம்பாயில் வண்ணச்சாயம் செய்யும் தொழிற்சாலை, தீ பிடித்தது, ஏழு தொழிலாளர் மாண்டனர். எளிதில் பற்றும் பொருள்கள் கிடந்த அறையிலே அடுப்பெரிக்க இடம் கொடுத்தவர் மேலாளர். ஆனாலும், தீக்கு நேரடிக் காரணம் வேறொருவர் அவசரப்பட்டுச் செய்த செயல் என்று சொல்லி, 304-ஏ குற்றத்திலிருந்து மேலாளரை விடுவித்தது நீதிமன்றம்.

ஏழு உயிர்! என் மனம் அந்தத் தீர்ப்பை ஏற்க மறுக்கிறது. ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். போட்டி நடத்தியவரின் வழக்கறிஞர் அதைத்தான் கையிலெடுப்பார். “கனம் நீதிபதி அவர்களே! தொண்டை அவருடையது, கை அவருடையது, வாயிலே வைத்தவரும் அவரே. என் கட்சிக்காரர் மேசையைத்தான் போட்டார்!” என்பார்.

அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் அதே தீர்ப்பிலேயே இருக்கிறது. சாவுக்கான குற்றத்திலிருந்து தப்பிய மேலாளர், நெருப்பை அலட்சியமாகக் கையாண்ட குற்றத்திலிருந்து தப்பவில்லை. அதைப்போலவே இங்கும், 106 கைவிட்டாலும் 125 நிற்கிறது. பிறர் உயிருக்கோ உடல் நலத்துக்கோ ஊறு நேரும்படி முரட்டுத் துணிச்சலோடு, கவனமின்றி நடந்துகொண்டால் அதுவே குற்றம். காயம் நேர்ந்தால் தண்டனை கூடும். கொடுங்காயமென்றால் மூன்றாண்டு வரை போகும். வழக்குப் பதிவு செய்யக் காவல் துறைக்கு மனமிருந்தால் வழியிருக்கிறது.

மனம் எங்கே போகிறது என்பதற்குக் கோவை ஒரு சான்று. 2024 ஆகஸ்டுத் திங்களிலே, கோவை இரயில் நிலையத்தருகே இரயில் பெட்டியையே உணவகமாக்கியிருந்த ஓரிடத்தில், அரை மணி நேரத்தில் ஆறு புரியாணி உண்டால் ஓர் இலட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். ஓர் இலட்சம்! திரண்டது பாருங்கள் கூட்டம். சாலை நிரம்பி வழிந்தது. காவல் துறை வழக்குப் பதிவு செய்தது. எதற்காக? முன் ஒப்புதல் பெறவில்லை, போக்குவரத்துக்கு இடையூறு விளைந்தது என்பதற்காக. சாலை அடைபட்டது குற்றமாகக் கண்ணில் பட்டது. தொண்டை அடைபடக்கூடும் என்பது யார் கண்ணிலும் படவில்லை.

அந்தப் போட்டியிலே உட்கார்ந்தவர்களில் ஒரு தந்தை இருந்தார். நோயுற்ற மகனின் சிகிச்சைக்குப் பணம் வேண்டும், அதற்காகவே வந்தேன் என்றார். ஏடுகள் அவருடைய படத்தைப் போட்டன, ஊர் உருகியது. நானும் உருகினேன். உருகி முடித்த பிறகு ஒரு கேள்வி எழுந்தது: அவருடைய இசைவை, இசைவு என்று எந்த அகராதியைக் கொண்டு சொல்வது? மகனுக்கு மருத்துவம் செய்யத் தந்தை தம் வயிற்றைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. அது விருப்பமா, விருந்தா?

இங்கேதான் இங்கிலாந்து நாட்டுத் தொழிலாளி ஒருவரை அழைத்து வந்து உங்கள் முன் நிறுத்த வேண்டும். 1891-ஆம் ஆண்டு, பிரபுக்கள் அவையிலே தீர்ந்த வழக்கு. ஸ்மித் எதிர் பேக்கர். இரயில் பாதைக்காகப் பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தார் அந்தத் தொழிலாளி. அவர் தலைக்கு மேலே பாரந்தூக்கி, கற்களைத் தூக்கிச் சென்றது. கல் வருகிறது, விலகு என்று எச்சரிக்க ஆளில்லை. ஒரு நாள் கல் விழுந்தது, காயம்பட்டார். முதலாளி சொன்னார்: “ஆபத்து இருக்கிறதென்று தெரிந்தேதானே வேலை செய்தாய்? தெரிந்தவன் இசைந்தவன், இசைந்தவனுக்கு இழப்பீடு இல்லை.” பிரபுக்கள் அவை மறுத்தது. ஆபத்தை அறிந்திருப்பது வேறு, அந்த ஆபத்தின் சுமையைத் தானே ஏற்றுக்கொள்வதாக இசைவது வேறு என்றது. வேலை போய்விடும் என்று வாய் மூடி இருந்தவனை, மனமொப்பிச் சாவை வரவேற்றவன் என்று கருதக் கூடாது என்பதுதான் அதன் உட்பொருள். நம் நாட்டு நீதிமன்றங்களும் இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தின் இந்தக் கொள்கைகளை ஏற்றே உரிமையியல் தீங்குகளை அளந்து வருகின்றன.

‘நேர்வதற்கு நானே பொறுப்பு’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் போதாதா என்று தோழர் ஒருவர் கேட்டார். போதாது, தோழரே. அதற்கு அமெரிக்காவிலே ஒரு பெருங்கதை நடந்தது.

2007-ஆம் ஆண்டு சனவரித் திங்கள். கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரிலே கே.டி.என்.டி. என்ற வானொலி நிலையம், தண்ணீர் குடிக்கும் போட்டி வைத்தது. குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒதுங்கப் போகக் கூடாது; கடைசி வரை தாங்குபவருக்கு வீ என்னும் விளையாட்டுப் பொறி பரிசு. மூன்று பிள்ளைகளின் தாய், 28 வயதுப் பெண், பிள்ளைகளுக்காக அந்தப் பொறியை வெல்ல வந்தார். கோவையிலே ஒரு தந்தை, சாக்ரமெண்டோவிலே ஒரு தாய்! தண்ணீர்தானே, என்ன செய்துவிடும் என்று நினைப்போம். அளவு மீறிய தண்ணீர் குருதியிலே உள்ள உப்புச் சத்தை நீர்க்கச் செய்துவிடும், மூளை வீங்கும், உயிர் போகும். நேயர் ஒருவர், தாம் ஒரு செவிலியென்று சொல்லித் தொலைபேசியிலே எச்சரித்தார். நிகழ்ச்சி நடத்தியவர்கள் அதையும் வேடிக்கையாக்கினார்கள். தலை வலிக்கிறது என்று வீடு திரும்பிய அந்தத் தாய், சில மணி நேரத்திலே மாண்டார்.

தாளிலே கையெழுத்து இருந்தது. அரசு வழக்கறிஞர் குற்ற வழக்குத் தொடரவில்லை. அத்தோடு தீர்ந்தது என்று அவர்கள் நினைத்திருக்கக் கூடும். குடும்பத்தார் உரிமையியல் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். 2009 அக்டோபரிலே, சான்றாயர் குழு, நிலையத்தை நடத்திய நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, ஏறத்தாழ 1 கோடியே 65 இலட்சம் டாலர் இழப்பீடு தீர்ப்பளித்தது. தண்ணீரைக் குடித்தது அந்தப் பெண்ணின் வாய்தான். ஆனாலும், தெரிந்த ஆபத்தைச் சொல்லாமல் மறைத்து அழைத்தவர்மீதே பழியைச் சுமத்தியது. 2017-இல் அந்த வானொலி தன் உரிமத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டு வாய் மூடியது.

ஆகவே, சிறைக் கதவும் இழப்பீட்டுக் கதவும் வேறு வேறு. முன்னதற்கு ஐயமற்ற மெய்ப்பிப்பு வேண்டும். பின்னதற்கு, எது நடந்திருக்க வாய்ப்பு மிகுதி என்ற எடை போதும். பந்தலுக்கு அழைத்தவர், அழைக்கப்பட்டவரிடம் கவனத்தோடு நடக்கக் கடமைப்பட்டவர். 1932-இலே ஸ்காட்லாந்திலிருந்து சென்ற வழக்கில், புட்டிப் பானத்துக்குள்ளே கிடந்த நத்தை ஒன்று உலகச் சட்டத்துக்கே இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது. நம் செயலால் யார் துன்புறக்கூடும் என்று முன்கூட்டி உணர முடிகிறதோ, அவரெல்லாம் நமக்கு அயலார். அவரிடம் நமக்குக் கடமை உண்டு. போட்டி மேசையில் நேரெதிரே உட்கார்ந்திருப்பவரைவிட நெருங்கிய அயலார் யார்?

உணவுச் சட்டம் காக்காதா என்றால், அதிலே ஒரு வேடிக்கை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு, கேடான உணவால் நுகர்வோர் இறந்தால் 5 இலட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இழப்பீடு தரச் சொல்கிறது. இட்லி கெட்டிருந்தால் சட்டம் உடனே ஓடி வரும். இட்லி பஞ்சுபோல நன்றாக இருந்து, போட்டி கெட்டதாக இருந்தாலோ, அது தன் வேலையன்று என்று ஒதுங்கி நின்றுகொள்ளும்!

நம் மன்றங்கள் பலவற்றுக்குப் பதிவு கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். பதிவில்லாத மன்றம் சட்டத்தின் முன் ஓர் ஆள் அன்று. பெயர்ப் பலகையைக் கூண்டிலே நிறுத்த முடியாது. நிற்கப் போவது தலைவர், செயலாளர், பொருளாளர் என்று கொட்டை எழுத்திலே அச்சிட்டுக்கொண்டவர்கள். சுவரொட்டியிலே பெயர் பெரிதாக இல்லையென்று சண்டை பிடித்த தோழர், அன்று ஏன் பெரிதாகப் போட்டார்கள் என்று வருந்துவார்.

பெயர் போட்டுக்கொண்டவன் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது இந்த ஊருக்குப் புதிதன்று. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலே, முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் நிற்கின்றன. 30 குடும்பு, ஓலையிலே பெயர் எழுதிக் குடத்திலே இட்டு எடுக்கும் தேர்தல், வயது 35-க்கு மேல் 70-க்குள். அந்தக் குடத்தைப் பார்த்து நாம் ஒரேயடியாக மெய்ம்மறக்க வேண்டியதில்லை. அது சதுர்வேதிமங்கலத்துச் சபை. மறை கற்றவனுக்கு இடம், மண்ணைக் கிளறியவனுக்கு இடமில்லை. உழவன் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்துக்குள் விழவில்லை. ஆனால் அதிலே ஒரு விதி, யார் எழுதியிருந்தாலும் போற்றத்தக்கது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை, அவன் நெருங்கிய உறவினருக்கும் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஏரி வாரியத்தானைக் கணக்குக் கேட்ட ஊரிலே, இன்று விழா நடத்துபவனை, எத்தனை உயிரை எப்படிக் காத்தாய் என்று கேட்பதிலே என்ன தவறு?

காளையை அடக்கும் போட்டிக்கு எவ்வளவு விதி! 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், அதன் கீழ் விதிகள், மாவட்ட ஆட்சியர் ஒப்புதல், தடுப்பு வேலி, மருத்துவக் குழு, மாட்டுக்கு மருத்துவர், வீரருக்கு உடற்பரிசோதனை. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லும் என்றது. போராடிப் பெற்றோம், பொறுப்போடு நடத்துகிறோம். கொம்புள்ள ஆபத்துக்கு விதி வகுத்தோம், கண்ணுக்குத் தெரிந்ததால். கொம்பில்லாத ஆபத்து தட்டிலே வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது; அதற்கும் ஆட்சியர் ஒப்புதலும் மருத்துவ ஏற்பாடும் கட்டாயம் என்று அரசு ஓர் ஆணை போட்டால் என்ன? சட்டமன்றத்திலே நம்மவர்கள் எழுப்பலாம். எழுப்ப வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், விரைவாகவும் மிகுதியாகவும் விழுங்குவதைப் போட்டியாக்குவதையே நிறுத்திவிடுங்கள் என்பேன். உத்தரப் பிரதேசத்திலே 2019-இல், 50 முட்டை தின்றால் 2,000 ரூபாய் என்று பந்தயம் கட்டிய ஒருவர், 42-ஆவது முட்டையிலே சாய்ந்து மாண்டதாக ஏடுகள் எழுதின. ஆத்திரேலியாவிலே 2020 சனவரி 26, அந்நாட்டின் திருநாளன்று, இனிப்புப் பண்டம் உண்ணும் போட்டியிலே 60 வயது அம்மையார் ஒருவர் உயிரிழந்தார். நாட்டுக்கு நாடு பண்டம் வேறு, சாவு ஒன்றே. சமையல் போட்டி வையுங்கள். யார் இட்லி மெதுவானது என்று ஊர் சுவைத்துச் சொல்லட்டும். நம் தாய்மார்களுக்குப் பரிசு போகட்டும்.

இல்லை, நடத்தித்தான் தீருவோம் என்று பிடிவாதம் பிடிக்கும் கிளைத் தோழர்களுக்குச் சில சொல்கிறேன். நேரத்தைக் குறிக்காதீர்கள். நீரின்றி, தொடுகறியின்றி வெறும் பண்டத்தை வைக்காதீர்கள். குடித்து வந்தவனையும் 18 நிறையாதவனையும் மேசையருகே விடாதீர்கள். ஆபத்து இன்னது என்று ஒலிபெருக்கியிலேயே உரக்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முன்னதாகவே எழுதிக் கொடுத்து, மருத்துவம் அறிந்த ஒருவரைப் பக்கத்திலே உட்கார வையுங்கள். நிறுத்து என்று அவர் சொன்னால் நிறுத்த வேண்டும், தலைவரானாலும் மறுக்கக் கூடாது.

ஒருவருக்கு அடைத்துவிட்டால், பேச முடிகிறதா, இரும முடிகிறதா என்று கேளுங்கள். முடிந்தால் இருமவிடுங்கள். முடியவில்லையென்றால் தண்ணீரை ஊற்றாதீர்கள்; கண்ணுக்குத் தெரியாததை விரலால் குத்தி உள்ளே தள்ளாதீர்கள். முன்னால் குனிய வைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வெளிவரவில்லையேல், பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிக் கையிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே முட்டியை வைத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கைக்குழந்தைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் முறை வேறு. அதைச் செவிலியரிடம் கேட்டுப் பழகுங்கள். மேடை போடத் தெரிந்த நமக்கு இதைக் கற்க அரை மணி நேரம் போதும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு வீட்டிலே இழவு விழுந்துவிட்டால், விழாக் குழுவினர் மாலையோடு போய், பத்தாயிரமோ இருபதாயிரமோ கையிலே வைத்து, “விதி, தாயே!” என்று சொல்லித் திரும்புவது வழக்கமாக இருக்கிறது. அந்தத் தாய்க்குச் சொல்லப்படாத செய்தி ஒன்று உண்டு. 1855-ஆம் ஆண்டிலேயே, வெள்ளையன் ஆட்சியிலே, பிறர் தவற்றால் இறந்தவரின் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் இழப்பீடு கேட்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது, இன்றும் இருக்கிறது. ஆனால் இறந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஒப்பாரி ஓயுமுன்னே காலம் ஓடிவிடும். பெண்ணாக இருந்தால் போதும், பட்டியல் சாதியினராக இருந்தால் போதும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரச் சட்டப் பணிகள் குழு கடமைப்பட்டிருக்கிறது. மாலையை எடுத்துச் செல்லும் தோழர், அந்த விண்ணப்பத் தாளையும் ஒரு கையிலே எடுத்துச் செல்லட்டும். அதிலே எதிர்மனுதாரராகத் தம் கிளையின் பெயரே வரக்கூடுமென்றாலும்.